பவர் ரிசர்வ் முள் சொல்வதும் சொல்லாததும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேட்டரி இல்லாத வாட்ச் ஒன்றை முதல்முறையாக வாங்கியவர்களுக்கு வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் இருக்கும். டயலின் ஓரத்தில் ஒரு வளைகோடும் அதன்மேல் ஒரு குட்டி முள்ளும் இருந்துவிட்டால் சந்தேகம் இன்னும் கூடும். அந்தக் குட்டி முள்ளைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே பதில். மெக்கானிக்கல் வாட்ச் பற்றி முன்பே எதுவும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

முதலில், பவர் ரிசர்வ் என்றால் என்ன?

சாவி கொடுக்கும் வாட்சுக்குள் பேரல் என்றொரு சின்ன உருளை இருக்கும். அதற்குள் மெல்லிய உலோக நாடா ஒன்று சுருட்டி வைக்கப்பட்டிருக்கும். அதுதான் மெயின் ஸ்பிரிங். வாட்சின் பக்கவாட்டில் இருக்கும் கிரவுன் எனும் குமிழைத் திருகினால் அந்த நாடா இறுகும். ஆட்டோமேட்டிக் வாட்சாக இருந்தால், கை அசையும்போது உள்ளே ரோட்டர் என்ற எடைத்தகடு சுழன்று அதே வேலையைச் செய்யும். இறுகிய நாடா மெதுவாகத் தளரும் விசையில்தான் வாட்ச் ஓடுகிறது. முழுக்கச் சாவி கொடுத்துவிட்டுக் கையே படாமல் வைத்தால் எத்தனை மணி நேரம் ஓடுமோ, அதுதான் பவர் ரிசர்வ்.

பல வருடங்களாக 40 மணி நேரத்தை ஒட்டிய கணக்குதான் வழக்கமாக இருந்தது. சுவிட்சர்லாந்தின் ஈடிஏ 2824-2 மெஷினுக்கு (வாட்சை ஓட்டும் உள்ளமைப்பைத்தான் மெஷின் என்கிறோம்) 38 மணி நேரம், சீக்கோவின் 4ஆர்36-க்கு 41. இப்போது 70, 80 மணி நேரம் என்பதெல்லாம் நடுத்தர விலை வாட்சுகளிலேயே வந்துவிட்டது.

அப்படியானால் அந்த முள் எதைக் காட்டுகிறது?

மெயின் ஸ்பிரிங் இந்த நிமிடம் எவ்வளவு இறுகியிருக்கிறது என்பதை மட்டும். வாட்ச் சரியான நேரம் காட்டுகிறதா, உள்ளே எண்ணெய் காய்ந்துவிட்டதா, சர்வீஸுக்குக் கொடுக்கும் நாள் வந்துவிட்டதா, இது எதுவும் அந்த முள்ளுக்குத் தெரியாது. கீழே வரும் குழப்பங்களில் பாதிக்கும் மேல், அந்த முள்ளிடம் அதற்குத் தெரியாததைக் கேட்பதால் வருபவை.

ஸ்பிரிங் இறுகியிருப்பது முள்ளுக்கு எப்படித் தெரிகிறது?

இதுதான் இந்த விஷயத்திலேயே அழகான பகுதி, கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம்.

மெயின் ஸ்பிரிங்கின் உள்முனை, பேரலின் நடுவில் இருக்கும் அச்சில் மாட்டியிருக்கும். வெளிமுனை பேரலின் உள்சுவரைப் பிடித்திருக்கும். சாவி கொடுக்கும்போது சுழல்வது அச்சு. வாட்ச் ஓடும்போது அச்சு அசையாமல் நிற்கும், பேரல்தான் மெல்ல மெல்லச் சுழலும். சாதாரண வாட்ச் ஒன்றில் பேரல் ஒரு சுற்று முடிக்கவே பல மணி நேரம் ஆகும். அச்சு சுழன்ற சுற்றுகளை வரவு என்று வைத்துக்கொள்ளுங்கள், பேரல் சுழன்ற சுற்றுகள் செலவு. வரவிலிருந்து செலவைக் கழித்தால் கையில் இருக்கும் இருப்பு வரும். அந்த இருப்பைத்தான் டயலில் இருக்கும் முள் காட்டுகிறது.

கழித்தல் கணக்கைப் போடுவது டிஃபரன்ஷியல் எனப்படும் பல்சக்கர அமைப்பு. லாரியின் பின் அச்சில் இருக்கும் அதே தத்துவம்தான், அளவு மட்டும் மிளகு மாதிரி. இரண்டு வழியாகச் சுழற்சி உள்ளே வரும்: ஒன்று அச்சிலிருந்து, இன்னொன்று பேரலிலிருந்து. இரண்டின் வித்தியாசம் மூன்றாவது வழியாக வெளியே போய் முள்ளை நகர்த்தும். நீங்கள் சாவி கொடுத்துக்கொண்டிருக்கும்போதும் வாட்ச் ஓடிக்கொண்டேதான் இருக்கிறது, அதாவது வரவும் செலவும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. அப்படியும் கணக்கு தப்பாது.

வேறு வழியும் உண்டு. திருகுமரையில் ஒரு சின்னக் கூம்பு மேலும் கீழும் ஏறி இறங்கும். அதன் சரிவில் ஒரு நெம்புகோல் சாய்ந்திருக்கும். கூம்பு ஏறினால் நெம்புகோல் விலகும், முள் நகரும். சில மெஷின்களில் இந்த ஏற்பாடுதான்.

ஆட்டோமேட்டிக்கில் ஒரு கூடுதல் சிக்கல் இருக்கிறது. ஸ்பிரிங் முழுக்க இறுகிய பிறகும் கை அசைந்துகொண்டேதான் இருக்கும், ரோட்டர் சுற்றிக்கொண்டேதான் இருக்கும். அச்சு இன்னும் சுழல்கிறதே என்று முள்ளும் கூடவே போனால், அளவுகோட்டைத் தாண்டி எதிலாவது போய் முட்டி நிற்கும். அதனால் எல்லை வந்ததும் முள்ளுக்குப் போகும் தொடர்பு வழுக்கிவிடும்படி உராய்வில் பிடித்திருக்கும் ஒரு சக்கரத்தை வைப்பார்கள். மலிவான மெஷின்களில் முள் பொய் சொல்ல ஆரம்பிக்கும் இடங்களில் இந்த வழுக்கும் சக்கரமும் ஒன்று.

அளவுகோட்டை எப்படிப் படிப்பது? சிலவற்றில் எண் இருக்கிறது, சிலவற்றில் நிறம் மட்டும்தான் இருக்கிறதே?

ஒரே முறை என்று எதுவும் கிடையாது. சிலவற்றில் 0, 10, 20, 30, 40 என்று மீதி மணி நேரம் எழுதியிருக்கும். சிலவற்றில் எண்ணே இருக்காது. கோடு தடிமனிலிருந்து மெலிந்துகொண்டே போகும், கடைசித் துண்டு மட்டும் சிவப்பு. ஜெர்மனியின் ஆ. லாங்கே உண்ட் ஸூனே 1994-இல் வெளியிட்ட லாங்கே 1 வாட்சில், மூன்று மணிக்கு அருகே ‘அவுஃப்’, ‘ஆப்’ என்று மேலும் கீழும் இரண்டு ஜெர்மன் சொற்கள் இருக்கும், அவ்வளவுதான். அதன் ரிசர்வ் 72 மணி நேரம். பனெராயின் சில மாடல்களில் முள் பின்பக்கக் கண்ணாடி வழியாகத்தான் தெரியும், பார்க்க வேண்டுமென்றால் வாட்சைக் கழற்ற வேண்டும்.

குழப்பக்கூடியது கப்பல் க்ரோனோமீட்டர்தான். நடுக்கடலில் தீர்க்கரேகை கணிக்கப் பயன்பட்ட பெட்டிக் கடிகாரம் அது. அதன் குட்டி டயலில் இருப்பது மீதி மணி நேரம் இல்லை, கடைசியாகச் சாவி கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பது. புதிதாகச் சாவி கொடுத்தால் முள் 0-இல் நிற்கும், நேரம் போகப்போக 56-ஐ நோக்கி நகரும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படைக்காகத் தயாரான ஹாமில்டன் மாடல் 21 இந்த வகைதான். 56 மணி நேரம் ஓடக்கூடியது, ஆனாலும் தினமும் சாவி கொடுப்பார்கள். மறந்து நின்றுபோனால் கப்பல் எங்கே இருக்கிறது என்றே கணக்குப் போட முடியாது என்பதால், முள் அங்கே அலங்காரத்துக்கு இல்லை. அந்தப் பழக்கத்தைப் பின்பற்றி 0-ஐ மேலே வைக்கும் கைக்கடிகாரங்களும் உண்டு. உங்கள் வாட்ச் எந்த வகை என்று தெரியவில்லையா? நாலு தடவை கிரவுனைத் திருகிப் பாருங்கள். முள் எந்தப் பக்கம் போகிறதோ அதுதான் ‘நிறைவு’.

கைக்கடிகாரத்தில் இதை முதலில் வைத்தது யார்?

பாக்கெட் வாட்சில் என்றால் 18-ஆம் நூற்றாண்டின் கடைசியிலேயே பாரிஸில் ப்ரெகே என்ற வாட்ச் தயாரிப்பாளர் வைத்துவிட்டார். நடக்கும் அசைவிலேயே தானாகச் சாவி ஏறிக்கொள்ளும் ‘பெர்பெச்சுவல்’ வாட்சுகளை அவர் செய்தார். தானாக ஏறுகிறது என்றால் வாங்கியவருக்கு நம்பிக்கை வர வேண்டுமே. அதற்கு அந்த முள் உதவியது.

கைக்கடிகாரத்தில் அதே நம்பிக்கைப் பிரச்சினை 1940-களில் திரும்ப வந்தது. ஆட்டோமேட்டிக் வாட்ச் அப்போது பலருக்குப் புதிது. 1948-இல் ஜாகர்-லெகூல்ட்ர் கொண்டுவந்த பவர்மாட்டிக்கில், டயலில் ஒரு சின்ன ஜன்னல் வழியாக மீதி மணி நேரம் தெரிந்தது. தொடர் உற்பத்தியில் வந்த ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரங்களில் இது முன்னோடி. சில வருடம் கழித்து அதே நிறுவனம் ஃப்யூச்சர்மாட்டிக் என்று இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்தது. பக்கவாட்டில் கிரவுனே கிடையாது, கையால் சாவி கொடுக்கவும் முடியாது. நேரம் திருத்தப் பின்பக்கம் ஒரு குமிழ் மட்டும். சாவி கொடுக்கவே முடியாத வாட்சில் எவ்வளவு மீதி இருக்கிறது என்று காட்டாமல் விட்டால் யார் வாங்குவார்கள்? அதிலும் டயலிலேயே முள் இருந்தது.

பெட்டியில் 41 மணி நேரம் என்று போட்டிருக்கிறது, என் வாட்ச் ஒரே இரவில் நின்றுவிடுகிறது. பழுதா?

பெரும்பாலும் இல்லை. அந்த 41 என்பது ஸ்பிரிங் முழுக்க இறுகியிருந்தால் கிடைக்கும் கணக்கு. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து கீபோர்டைத் தட்டினால் ரோட்டர் அவ்வளவாகச் சுழலாது. மணிக்கட்டு மேசையில் ஓய்வாகக் கிடக்கிறது, விரல்கள்தான் ஓடுகின்றன. அப்படி ஒரு நாள் போனால் மாலையில் முள் பாதியில்கூட இருக்காது. இரவு கழற்றி வைத்தால் விடிவதற்குள் நின்றுவிடும்.

சோதிப்பது எளிது. கையால் சாவி கொடுக்க முடிகிற மெஷின் என்றால் முள் உச்சிக்குப் போகும்வரை திருகுங்கள், அல்லது 40 தடவை. பிறகு தட்டையாக வைத்துவிட்டு எப்போது நிற்கிறது என்று பாருங்கள். 38-க்குப் பக்கத்தில் ஓடினால் வாட்சில் ஒன்றும் இல்லை, உங்கள் வேலைதான் காரணம். 25, 30-இல் நின்றால் உள்ளே எண்ணெய் காய்ந்திருக்கலாம், ஸ்பிரிங் வலுவிழந்திருக்கலாம், பேரலுக்குள் பிடிமானம் தேய்ந்து சீக்கிரமே வழுக்கலாம். அப்போது ரிப்பேர் கடைக்குப் போக வேண்டியதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆட்டோமேட்டிக் வாட்சில் இந்த முள் எதற்கு என்று கேலி செய்பவர்கள் உண்டு. கையிலேயே கிடக்கிற, தானே ஏறிக்கொள்கிற வாட்சில் மீதியைப் பார்த்து என்ன ஆகப்போகிறது என்பது அவர்கள் வாதம். வயல் வேலை, தச்சு வேலை செய்கிறவருக்கு அது சரி. அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்குத் தன் கை போதுமான அளவு அசைகிறதா என்று சொல்ல அந்த முள்ளைத் தவிர வேறு ஆளில்லை.

ரொம்பச் சாவி கொடுத்தால் ஸ்பிரிங் அறுந்துவிடுமா?

நம் வீடுகளில் பழைய சாவி வாட்ச் வைத்திருந்த பெரியவர்கள் எல்லோரும் சொல்லும் எச்சரிக்கை இது. அவர்கள் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் எந்த வாட்ச் என்று பார்க்க வேண்டும்.

கையால் சாவி கொடுக்கும் வாட்சில் ஸ்பிரிங்கின் வெளிமுனை பேரல் சுவரில் கொக்கிபோட்டு நிற்கும். முழுக்க இறுகியதும் கிரவுன் கெட்டியாகி நின்றுவிடும். அங்கேயே விட்டுவிட்டால் ஒன்றும் ஆகாது. அதற்குமேல் பலம்கொண்டு திருகினால்தான் ஏதாவது உடையும். ‘ஓவர் வைண்ட் ஆகி நின்றுவிட்டது’ என்று கொண்டுவரப்படும் வாட்சுகளில் பெரும்பாலானவை அழுக்கேறி நின்றவை. ஸ்பிரிங் முழுக்க இறுகிக் கிடக்கும், அதற்கு மேல் சக்கரங்கள் நகராது. சாவி கொடுத்தவர் மேல் பழி விழும்.

ஆட்டோமேட்டிக்கில் கொக்கி கிடையாது. ஸ்பிரிங்கின் வெளிமுனை சுவரை அழுத்திப் பிடித்திருக்கும், அளவு மீறினால் வழுக்கிக்கொள்ளும். பட்டேக் ஃபிலிப்பின் பங்குதாரரான அட்ரியன் ஃபிலிப் 1863-இல் காப்புரிமை வாங்கிய யோசனை இது. அதனால் எவ்வளவு திருகினாலும் கிரவுன் கெட்டியாகாது. ‘இன்னும் நிறையவில்லையோ’ என்று நூறு தடவை திருகுபவர்கள் உண்டு. ஸ்பிரிங்குக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் சாவி கொடுக்கும் சின்னச் சக்கரங்கள் வீணாகத் தேயும். முள் இருந்தால் உச்சியைத் தொட்டதும் நிறுத்திக்கொள்ளலாம்.

சீக்கோவின் பழைய 7எஸ்26 மெஷின் மாதிரி சிலவற்றில் கையால் சாவி கொடுக்கவே வழியில்லை. அவற்றை மெதுவாக ஆட்டித்தான் எழுப்ப வேண்டும்.

முள் கீழே இறங்க இறங்க நேரம் தப்புமா?

கொஞ்சம் தப்பும். எவ்வளவு என்பது வாட்சைப் பொறுத்தது.

வாட்சுக்குள் முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளப்பது பேலன்ஸ் சக்கரம். ஸ்பிரிங் முழுக்க இறுகியிருக்கும்போது அது நன்றாக வீசி ஆடும். ஒரு பக்கமாக 270 பாகை, 300 பாகை என்று போகும். விசை குறையக் குறைய வீச்சும் குறையும். தத்துவப்படி வீச்சு எவ்வளவு இருந்தாலும் ஒரு ஆட்டத்துக்கு ஆகும் நேரம் மாறக்கூடாது. நடைமுறையில் அப்படி முழுசாக நடப்பதில்லை. வீச்சு 200 பாகைக்குக் கீழே போகும்போது புவியீர்ப்பு, உராய்வு, சமநிலையில் உள்ள சிறு குறைகள் எல்லாம் தலைதூக்கும். அதனால் கடைசிச் சில மணி நேரம் வாட்ச் ஓடினாலும் நம்பக்கூடாது. அளவுகோட்டின் சிவப்புத் துண்டு சொல்ல வருவது இதைத்தான். நின்றுவிடப் போகிறது என்பது அதில் பாதிதான். இனிமேல் காட்டும் நேரத்தைச் சரிபார்த்துக்கொள் என்பது மீதிப் பாதி.

வாட்ச் செய்பவர்கள் இதைச் சமாளிக்கப் பல நூறு வருடமாக மல்லுக்கட்டியிருக்கிறார்கள். க்ரோனோமீட்டர்களில் கூம்பு வடிவ உருளையில் சங்கிலி சுற்றி, விசை குறையும்போது நெம்புதூரம் கூடும்படி செய்தார்கள். வேறு சிலர், ஸ்பிரிங் மிக இறுகிய நிலையையும் மிகத் தளர்ந்த நிலையையும் விட்டுவிட்டு நடு நிலையை மட்டும் பயன்படுத்தும்படி ஒரு தடுப்பு வைத்தார்கள். அந்த யோசனைக்கு இன்றைய உதாரணம் ஐடபிள்யூசியின் 5000 வரிசை மெஷின். அதன் ஸ்பிரிங்குக்கு ஏழு நாளையும் தாண்டி ஓட்டும் வலு இருக்கிறது. ஆனால் 168 மணி நேரம் முடிந்ததும் வாட்ச் தானாகவே நிறுத்தப்படும். தப்பாக ஓடுவதைவிட நிற்பது மேல் என்ற கொள்கை. எனக்கு இது நேர்மையான முடிவாகத் தெரிகிறது, எட்டு நாள் என்று விளம்பரப்படுத்த வாய்ப்பிருந்தும் ஏழோடு நிறுத்தினார்கள்.

இந்தக் கணக்கிலேயே வராத ஒன்று கிராண்ட் சீக்கோவின் ஸ்பிரிங் டிரைவ். மெயின் ஸ்பிரிங்கில்தான் ஓடும், ஆனால் வேகத்தைக் கட்டுப்படுத்துவது குவார்ட்ஸ் படிகம். விசை குறைந்தாலும் படிகத்துக்குக் கவலை இல்லை. அதன் 9ஆர்65 மெஷின் 72 மணி நேரமும் நாளுக்கு ஒரு வினாடி வித்தியாசத்துக்குள் ஓடும்படி செய்தது. அந்த வாட்சுகளில் எட்டு மணிக்கு அருகே இருக்கும் முள் வெறும் இருப்பைத்தான் சொல்கிறது, துல்லியத்தைப் பற்றி எச்சரிக்கத் தேவையில்லை.

தினமும் ஒரே நேரத்தில் சாவி கொடுக்க வேண்டுமா?

கைச்சாவி வாட்ச் என்றால் அது நல்ல பழக்கம். மேலே சொன்ன காரணம்தான்: எப்போதும் ஸ்பிரிங்கின் வலுவான பாதியிலேயே ஓடும், நேர வித்தியாசமும் தினமும் ஒரே மாதிரி இருக்கும். முள் இல்லாத வாட்சில் காலையில் பல் தேய்த்ததும் சாவி கொடுப்பது என்று வைத்துக்கொள்வதே முள்ளுக்கு மாற்று.

எச்எம்டி வாட்சில் இந்த முள் இல்லையே, எப்படிச் சமாளித்தார்கள்?

அந்தப் பழக்கத்தால்தான். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் கூட்டோடு பெங்களூரில் வாட்ச் தயாரிப்பைத் தொடங்கிய எச்எம்டியின் ஜனதா, பைலட் எல்லாம் தினம் ஒருமுறை சாவி கேட்பவை. வேலைக்குப் போகும்முன் சட்டைப் பொத்தான் போட்ட கையோடு கிரவுனைத் திருகிவிடுவார்கள். கெட்டியாகும்வரை திருகினால் நிறைவு. அதுதான் அவர்களுக்கு முள். அப்புறம் 1980-களில் ஒசூரிலிருந்து டைட்டனின் குவார்ட்ஸ் வாட்சுகள் வந்தன, சாவி கொடுக்கும் பழக்கமே வீடுகளிலிருந்து போய்விட்டது.

இன்று பழைய ஜனதா வாங்குபவர்கள் திருகும் சுற்றுகளை எண்ணிப் பாருங்கள். 24 மணி நேரம் ஓடிய பிறகு கெட்டியாகும்வரை எத்தனை சுற்று பிடிக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும். ஒரு நாள் அது வெகுவாகக் குறைந்தால், முந்தின நாள் நடுவில் வாட்ச் நின்றிருக்கிறது என்று அர்த்தம்.

எட்டு நாள், முப்பது நாள் ஓடும் வாட்சுகளும் இருக்கின்றனவே, அது எப்படி?

மூன்று வழிகள். நீளமான ஸ்பிரிங் வைக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட பேரல் வைக்கலாம். அல்லது பேலன்ஸ் சக்கரத்தின் வேகத்தைக் குறைத்துச் செலவைக் குறைக்கலாம். டிஸோ போன்றவை பயன்படுத்தும் பவர்மாட்டிக் 80 மெஷின் முதலாவதையும் மூன்றாவதையும் கலந்தது. 2824-ஐ அடிப்படையாக வைத்து, பேரலின் நடு அச்சை ஒல்லியாக்கி ஸ்பிரிங்குக்கு இடம் பண்ணினார்கள், மணிக்கு 28,800 ஆக இருந்த துடிப்பை 21,600 ஆக்கினார்கள். 38 மணி நேரம் 80 ஆகிவிட்டது. வெள்ளி மாலை கழற்றி வைத்துவிட்டு திங்கள் காலை எடுத்தாலும் ஓடிக்கொண்டிருக்கும், சாதாரணமாக வாட்ச் கட்டுகிறவருக்கு இதைவிடப் பெரிய வசதி தேவையில்லை.

அதற்கு மேலே போவது பெரும்பாலும் திறமையைக் காட்ட. 2007-இல் வந்த லாங்கே 31 முழு மாதம் ஓடும். அதில் ஒவ்வொன்றும் 1.85 மீட்டர் நீளமுள்ள இரண்டு ஸ்பிரிங்குகள். கிரவுனால் அதை இறுக்க விரல் வலிக்கும் என்பதால் பின்பக்கத்தில் நிஜமான ஒரு சாவியைப் போட்டுத் திருக வேண்டும். ஹப்லோ 2013-இல் 11 பேரல்களை வரிசையாக அடுக்கி 50 நாள் எட்டியது. வஷெரோன் கொன்ஸ்டன்டினின் 2019 ட்வின் பீட் எனக்குப் பிடித்தது, அதில் இரண்டு பேலன்ஸ் இருக்கின்றன. கையில் கட்டும்போது வேகமாக ஆடுவதை வைத்து நான்கு நாள் ஓடும், கழற்றி வைக்கும்போது பொத்தானை அமுக்கி மெதுவானதற்கு மாற்றினால் 65 நாள். பவர் ரிசர்வ் காட்டுவதற்கு அதில் இரண்டு அளவுகோடுகள் தேவைப்பட்டதில் வியப்பில்லை.

நீண்ட ரிசர்வ் வாட்சுகளில் அளவுகோடு சமமாகப் பிரிக்கப்படாமல் இருப்பதையும் பார்க்கலாம். ஓரிஸ் நிறுவனம் 2014-இல் வெளியிட்ட கேலிபர் 110 என்ற மெஷின் ஒரே பேரலில் 10 நாள் ஓடும். அதில் முள் தொடக்கத்தில் மெதுவாகவும் கடைசி நாட்களில் வேகமாகவும் நகரும்படி வேண்டுமென்றே செய்திருக்கிறார்கள். தொடக்கத்தில் மீதி எட்டு நாளா ஒன்பது நாளா என்று யாருக்கும் கவலையில்லை, கடைசி நாளில்தான் துல்லியம் வேண்டும். நல்ல யோசனை. மற்றவர்கள் ஏன் பின்பற்றவில்லை என்பது எனக்குப் புரியாத ஒன்று.

வாட்ச் வைண்டர் பெட்டி வாங்கலாமா?

கழற்றி வைத்த ஆட்டோமேட்டிக் வாட்சைச் சுழற்றி நிற்காமல் ஓட வைக்கும் பெட்டி அது. ஒரே ஒரு ஆட்டோமேட்டிக் வைத்திருந்தால் வேண்டாம். பல வாட்சுகள் வைத்து மாற்றி மாற்றிக் கட்டுபவர்களுக்கும், தேதியைத் திருத்துவதே ஒரு வேலையாக இருக்கும் நிரந்தர நாட்காட்டி வாட்ச் வைத்திருப்பவர்களுக்கும் உதவும். நின்று கிடப்பதால் வாட்ச் கெட்டுவிடாது.

என் வாட்சில் முள் அசைவதே இல்லை. போலியா, பழுதா?

முழுக்கச் சாவி கொடுத்துவிட்டு ஒரு நாள் முழுக்க வையுங்கள். வாட்ச் ஓடியும் முள் இருந்த இடத்திலேயே இருந்தால் டிஃபரன்ஷியலுக்குப் போகும் தொடர்பு அறுந்திருக்கிறது, அல்லது முள் அச்சில் தளர்ந்திருக்கிறது. சர்வீஸ் முடிந்து வந்த வாட்சில் முள் உச்சியில் ஒரு பங்கு தள்ளி நின்றால், மெக்கானிக் முள்ளை மாட்டும்போது ஸ்பிரிங்கின் நிலையைப் பார்க்கவில்லை. முழுக்க இறுக்கிவிட்டு முள்ளை உச்சியில் மாட்டச் சொல்லுங்கள், ஐந்து நிமிட வேலை.

போலி வாட்சுகளில் இன்னொரு தந்திரம் உண்டு. அசல் மாடலில் பவர் ரிசர்வ் இருக்கும் இடத்தில், கிழமையையோ 24 மணி நேரத்தையோ காட்டும் முள்ளை வைத்து, மேலே ரிசர்வ் அளவுகோட்டை அச்சிட்டிருப்பார்கள். சாவி கொடுக்கும்போது அசையாமல், நேரத்தைத் திருத்தும்போது கூடவே நகர்ந்தால் சந்தேகமே வேண்டாம்.

சோலார் வாட்சிலும் ஒரு பவர் முள் இருக்கிறதே?

அது பேட்டரியில் மீதியுள்ள மின்னூட்டம். சோலார் இல்லாமல் கை அசைவிலேயே மின்னூட்டம் ஏற்றிக்கொள்ளும் சீக்கோ கைனடிக்கும் இந்த வகைதான், அதில் ஒரு பொத்தானை அமுக்கினால் வினாடி முள் 5, 10, 20 அல்லது 30 வினாடி தாவி மீதியைச் சொல்லும். பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே ஸ்பிரிங்கைப் பற்றிய கணக்கு எதுவும் இல்லை; மேலே சொன்ன அறிவுரைகள் அதற்குப் பொருந்தாது.

இதற்காகக் கூடுதல் பணம் கொடுக்கலாமா?

கைச்சாவி வாட்ச், அதுவும் ரிசர்வ் மூன்று நாளைத் தாண்டியது என்றால் கண்டிப்பாக. எட்டு நாள் வாட்சில் கடைசியாக எப்போது சாவி கொடுத்தோம் என்று யாருக்கு நினைவிருக்கும்? தினம் திருகும் 40 மணி நேர வாட்சில் பழக்கமே போதும். ஆட்டோமேட்டிக்கில் நீங்கள் எவ்வளவு அசைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. டயல் சுத்தமாக இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அந்த வளைகோடு உறுத்தும். அவர்கள் பின்பக்கம் முள் இருக்கும் மாடலைத் தேடலாம். கூடுதல் சக்கரங்கள் இருப்பதால் சர்வீஸ் கட்டணமும் சற்றுக் கூடும் என்பதை மறக்க வேண்டாம்.

ஊருக்குப் போய் வந்தேன், முள் அடியில் கிடக்கிறது, வாட்ச் நின்றுவிட்டது. எப்படித் தொடங்குவது?

சும்மா ஆட்டிவிட்டுக் கட்டிக்கொள்ளாதீர்கள். கொஞ்ச விசையிலேயே ஓட ஆரம்பித்துவிடும், ஆனால் முள் சிவப்பிலேயே நிற்கும், நேரமும் ஏறுமாறாக இருக்கும். கிரவுன் திருகுமரையில் மூடிய வகை என்றால் முதலில் அதைத் தளர்த்திக்கொள்ளுங்கள். 20, 30 தடவை திருகி முள்ளை நடுவுக்கு மேலே கொண்டுபோங்கள். அப்புறம் நேரம் வையுங்கள். தேதி மாற்ற வேண்டுமென்றால் முதலில் முட்களை ஆறு மணிக்குக் கீழிறக்கிக்கொள்ளுங்கள். இரவு 8 மணி முதல் விடியற்காலை 4 மணி வரை என்று வாட்ச் நினைத்துக்கொண்டிருக்கும் நேரத்தில் தேதியைத் தட்டினால், தேதி மாற்றும் பல் உடையலாம். நேற்றைய தேதியை வைத்து, முட்களை முன்னோக்கிச் சுற்றி, தேதி மாறும் இடம்தான் நள்ளிரவு என்று பார்த்துக்கொண்டு காலையா மாலையா என்று சரிசெய்யுங்கள். கடைசியில் கிரவுனை அமுக்கி, மறக்காமல் திருகி மூடுங்கள்.